கை நுழையும் கெட்டில்

ஜன் அக்காவின் நல்ல பெயருக்கு விலை நூற்று முப்பத்தேழு யுவான். லாட்ஜில் ஒரு நாள் வாடகை நூற்று இருபத்தெட்டு, சாக்ஸ் ஒரு ஜோடி ஒன்பது. இரண்டுக்கும் ரசீது உண்டு. கோ முதலாளி அதை விளம்பரச் செலவில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் நேரில் போயிருந்தால் வாடகையில் பத்து யுவானாவது குறைத்திருப்பார், அது வேறு விஷயம். ரசீதைக் கொடுத்துப் பணத்தை எண்ணி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவன் மாக்.

மாக்குக்கு முப்பத்தெட்டு வயது. தென்சீனாவின் ஷுன்தேயில் கோ முதலாளியின் கம்பெனியில் வடிவமைப்பு வேலை. அந்த ஊரில் ஒரு தெருவில் மின்விசிறி செய்வார்கள், அடுத்த தெருவில் அதற்கு மூடி செய்வார்கள், மூன்றாம் தெருவில் இரண்டையும் பார்த்து இன்னும் மலிவாகச் செய்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் புதிதாக ஒன்றைச் செய்து விற்பதென்றால், மற்றவன் பார்த்துச் செய்வதற்குள் விற்றாக வேண்டும். அந்த வருடம் கோ முதலாளி கையில் எடுத்தது பயணக் கெட்டில். சிலிக்கான் ரப்பர் பக்கங்கள், அமுக்கினால் மடங்கி உள்ளங்கை உயரத்துக்கு வந்துவிடும், கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறலாம்.

அச்சு வெட்டுவதற்கு முன் கோ முதலாளிக்கு ஒரு விதி உண்டு. வடிவமைத்தவன் மாதிரிக் கெட்டிலோடு பத்து நாள் மட்டமான லாட்ஜில் தங்க வேண்டும். அச்சுக்குப் பல லட்சம் ஆகும், வெட்டியபின் தப்பென்று தெரிந்தால் அழத்தான் முடியும். பெரிய ஹோட்டலில் மேசை அகலம், பிளக் பாயிண்ட் கைக்கெட்டும் தூரம், அங்கே எந்தக் கெட்டிலும் நல்ல கெட்டில்தான் என்பார் அவர். மாக் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த லாட்ஜில் முந்நூற்றாறாம் அறையை எடுத்தான். பிளக் பாயிண்ட் கட்டிலுக்குப் பின்னால் இருந்தது. எண்பது சென்டிமீட்டர் ஒயர் அங்கிருந்து மேசைக்கு எட்டவில்லை, நூற்றிருபது வேண்டும் என்று போனில் சொன்னான். பத்து சென்டிமீட்டருக்குப் பதினைந்து ஃபென் கூடுதல், நூறு ஃபென் சேர்ந்தால்தான் ஒரு யுவான். மூன்று நாள் பேரம் நடந்து நூற்றுப் பத்தில் முடிந்தது. கட்டிலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளட்டும் என்றார் முதலாளி.

மூன்றாம் மாடியின் பதினான்கு அறைகளும் ஜன் அக்கா பொறுப்பு. ஐம்பத்திரண்டு வயது, கட்டையான உருவம், பேச்சில் மட்டும் சிக்கனம் கிடையாது. கட்டில்மேல் உட்கார்ந்து கெட்டில் கெட்டிலாக வரைகிற ஆளைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பக்கத்தில் வந்து நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஓட்டல் கெட்டிலில் ஆட்கள் உள்ளாடை அவிக்கிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அதைக் கேட்டாலே அவளுக்கு மூக்கு சிவக்கும். ஒவ்வொரு கெட்டிலிலும் தினமும் வினிகர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கொட்டி, மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுவாள். வாய் குறுகல், கை போகாது. சாப்பிடும் குச்சியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டுத் துழாவுவாள். முடிந்ததும் கைப்பிடியில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்றைக் கட்டுவாள். அது மூங்கில் இலையில் ஒட்டரிசிப் பொட்டலம் கட்டுகிறவர்கள் போடும் முடிச்சு, ஒரு பக்கம் இழுத்தால் அவிழும், மறுபக்கம் இழுத்தால் இறுகும். இன்றைக்குக் கழுவியாயிற்று என்பதற்கு அதுதான் முத்திரை. லாட்ஜ்காரர் சொல்லி அவள் செய்ததல்ல, தானாகச் செய்தது.

மாக் அவளிடம்தான் கேட்டான், பயணக் கெட்டிலில் முக்கியமாக என்ன வேண்டும் என்று.

"கையே நுழையாத பாத்திரத்த எப்படிங்க கழுவுறது, இன்ஜினியர்? எங்க கைய வெச்சு அளந்து ஒருத்தனும் எதையும் செய்யறதில்ல. செய்யறவன் கழுவறதில்ல, அதான் சங்கதி."

அவன் காலிப்பரை எடுத்து அவள் கையை அளந்தான். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மூட்டுக்கு மூட்டு எண்பத்து நான்கு மில்லிமீட்டர். கை தாராளமாகப் போய்வர நான்கு கூட்டினான். எண்பத்தெட்டு என்றதும் கோ முதலாளி துள்ளிக் குதித்தார். எட்டு என்றாலே பணம் கொழிக்கும் என்கிற ஊரில் இரண்டு எட்டு. வாயை அகலமாக்கினால் மூடிக்கு முப்பது ஃபென் அதிகமாகும் என்பதைக்கூட அவர் பேரம் பேசவில்லை. கெட்டிலுக்கு 'எண்பத்தெட்டு' என்றே பெயர் வைத்து, அட்டைப்பெட்டியில் தங்க எழுத்தில் அடித்தார். அது யாருடைய கை என்று அவரும் கேட்கவில்லை, மாக்கும் சொல்லவில்லை.

கெட்டில் தயாராகிவிட்டது. ஆனால் போணியாகவில்லை. நவம்பர் மாதத்துப் பெரிய தள்ளுபடித் திருவிழாவுக்கு ஆறு வாரம் இருக்கையில் கோ முதலாளி மாக்கைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினார். அவர் தேநீர் ஊற்றினால் ஏதோ செலவு காத்திருக்கிறது என்று அர்த்தம்.

"ஓட்டல் கெட்டில்ல என்னென்னவோ அவிக்கறாங்கன்னு எல்லாரும் கேள்விப்பட்டிருக்கான். எவனும் கண்ணால பாத்ததில்ல. நீ காட்டு. மிச்சத்த அவன் வயிறு பாத்துக்கும்."

மாக் அதே லாட்ஜுக்குப் போனான். பழக்கமான இடம், சன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக வரும் என்று தெரியும். முந்நூற்றாறே கிடைத்தது. வழியில் வாங்கிய, நீலக் கோடு போட்ட சாம்பல் நிறப் புது சாக்ஸை லாட்ஜ் கெட்டிலில் போட்டுச் சுடவைத்து, மேலே ஆவி எழும்போது பன்னிரண்டு படம் எடுத்தான். பிறகு தானே இரண்டு முறை வினிகர் ஊற்றிக் கொதிக்கவிட்டுக் கழுவி வைத்தான். அன்று ஜன் அக்காவுக்கு விடுமுறை. ஒரு சாமானும் கெடவில்லை, ஒரு மனுஷனுக்கும் நஷ்டமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனான். படியிறங்கும்போதே அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டிவந்தது ஏன் என்று அவன் யோசிக்கவில்லை.

'உங்களுக்கு முன்னால் தங்கியவர்' என்று மூன்றே வார்த்தை போட்டு, கோ முதலாளி அந்தப் படத்தை இணையத்தில் கம்பெனிப் பக்கத்தில் ஏற்றினார். முப்பத்தொரு லட்சம் பேர் பார்த்தார்கள். தள்ளுபடி நாளில் அறுபதாயிரம் கெட்டில் போயிற்று. மாக்குக்குச் சிவப்பு உறையில் எட்டாயிரத்து எண்ணூறு யுவான் கிடைத்தது. அதிலும் எட்டுகள்தான்.

இரண்டு வாரம் கழித்து, பெட்டியோடு ஒரு கெட்டிலை எடுத்துக்கொண்டு ஜன் அக்காவுக்குக் கொடுக்க லாட்ஜுக்குப் போனான். மூன்றாம் மாடியில் வேறொரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள். கீழே லாட்ஜ்காரர் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். முன்பு தங்கிப்போன யாரோ ஒருவர் தான் எடுத்திருந்த அறைப் படத்தையும் விளம்பரப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டிருக்கிறார், இரண்டு கைப்பிடியிலும் அதே சிவப்பு நூல், அதே முடிச்சு. அன்றிலிருந்து போன் ஓயவில்லை. முன்பதிவு மொத்தமும் ரத்து. சுத்தம் சுத்தம் என்று நூல் கட்டிய பொம்பளையின் கெட்டிலிலேயே இந்தக் கூத்தென்றால் மற்றதெல்லாம் எப்படியிருக்கும் என்று எழுதினார்களாம். அவர் அவளை அனுப்பிவிட்டார். கெட்டில்களை மொத்தமாக எடைக்குப் போட்டுவிட்டார்.

மாக் அந்தக் கதை முழுவதும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். கையிலிருந்த பெட்டியைப் பார்த்து லாட்ஜ்காரர், நீங்களும் வாங்கிவிட்டீர்களா, புத்திசாலி என்றார்.

ஜன் அக்கா மீன் சந்தையில் இருந்தாள். புல்கெண்டை மீனுக்குச் செதில் சீவும் வேலை, முன்பு வாங்கியதில் பாதிக்கூலி. அவனைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்று ஏப்ரன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். படத்தில் தெரிந்த சன்னலை வைத்தே அறை முந்நூற்றாறு என்று கண்டுகொண்டிருந்தாள். படம் வெளிவருவதற்கு முந்தைய மாதம் அங்கே தங்கியவர்களின் பெயர்கள், பதிவேட்டிலிருந்து அவள் நகல் எடுத்தது. மொத்தம் ஒன்பது பேர். இவர்களில் ஒருவன்தான் செய்திருக்கிறான், படம் எடுத்து உங்கள் கம்பெனிக்கு விற்றதும் அவன்தான், படத்தைப் பார்த்தால் இன்ஜினியர்களுக்குத் தெரியாதா, யாரென்று கண்டுபிடித்துக் கொடுங்கள் என்றாள். தன்மேலும் தப்பு இருக்கலாம், தான் இல்லாத ஏதோ ஒரு நாளில்தான் நடந்திருக்கும், விடுமுறையே எடுத்திருக்கக் கூடாது என்றும் சொன்னாள்.

தாளில் ஒரு பெயர் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தது. அவன் பெயர்தான்.

"உங்கள முதல்லயே அடிச்சிட்டேன். போலீஸ்காரன் மாதிரி எல்லாரையும் சந்தேகப்பட்டா அப்புறம் நான் யாரு?"

அவன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தான், பார்க்கிறேன் அக்கா என்று வந்தது. தாளை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தான். பெட்டியைக் கொடுத்தான். அவள் அங்கேயே கெட்டிலை விரித்து, மீன் வாடையடிக்கும் கையை உள்ளே விட்டு ஒரு சுற்று சுற்றினாள். கை லகுவாகப் போய் வந்தது. பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு, பாருடி, என் கைக்கு அளவெடுத்தது, இந்த மனுஷன் சொன்னதைச் செய்தான் என்று காட்டினாள். மாக் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை ஆற்றங்கரைத் தேநீர்க்கடைக்கு அழைத்துப் போனான். அதற்கடுத்த ஞாயிறும். கூட்டிப்போகும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பான், இறால் கொழுக்கட்டைத் தட்டு வந்ததும் சாப்பிட்ட பிறகு என்று நினைப்பான், சாப்பிட்டு முடிந்ததும் வயிறு நிறைந்த நேரத்தில் எதற்கு என்று நினைப்பான். உட்கார்ந்ததும் ஜன் அக்கா முதல் கெட்டில் தேநீரைக் குடிக்க விடமாட்டாள். இரண்டு பேருடைய கிண்ணத்தையும் குச்சியையும் கொதிக்கும் தேநீரில் அலசி, தண்ணீரைப் பெரிய சட்டியில் கொட்டி, அவனுடையதை அவன் முன்னால் வைப்பாள். அந்தக் கடையில் எல்லா மேசையிலும் அதுதான் நடக்கும். அவள் அலசுவது மட்டும் இரண்டு முறை. அவன் இரண்டு விரலால் மேசையில் தட்டி நன்றி சொல்வான். அந்த இரண்டு தட்டு அவனுக்கு நெஞ்சில் கேட்கும்.

அலசிக்கொண்டே அவள் தாளில் உள்ளவர்களைக் கழித்துக்கொண்டு வந்தாள். கைக்குழந்தையோடு வந்த தம்பதி, குழந்தைப் பாலுக்கு அதே கெட்டிலில்தானே தண்ணீர் வைத்தார்கள், அவர்கள் இல்லை. கண்ணாடி விற்கிறவன் செருப்போடு வந்தவன், அவனுக்கு சாக்ஸே கிடையாது. பல்செட் போட்ட கிழவர், படம் எடுக்கிற போனே அவரிடம் இல்லை. அவள் சொல்வது ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது. நல்ல மூளை, வாழ்நாளெல்லாம் வினிகரில் ஊறிக் கிடந்துவிட்டதே என்று மாக்குக்குத் தோன்றியது. தோன்றி என்ன செய்ய?

மூன்றாவது ஞாயிறு அவள் சிரித்த முகத்தோடு வந்தாள். தாளில் ஒரே ஒரு பெயர் மிச்சமிருந்தது. லாரி உதிரிபாகம் விற்கும் குவாக் என்பவன், பேருந்தில் மூன்று மணி நேரத் தூரத்தில் கடை. அவன் வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் விவரத்தைச் சொல்லிவிட்டாளாம். அந்த அம்மாள் அழுதாளாம், என் புருஷன் அப்படிப்பட்டவரில்லை என்றாளாம். எல்லா மனைவியும் அப்படித்தான் சொல்வாள் என்று ஜன் அக்கா செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள், முப்பத்தாறு யுவான். அவன் கடை வாசலில், அவன் தெருக்காரர்கள் முன்னால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள். சொல்லிக்கொண்டே மாக்கின் கிண்ணத்தை எடுத்துத் தேநீரில் முக்கினாள்.

"போகாதீங்க அக்கா. அது நான்தான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்தபடி இருந்தாள். அவன் நாள், அறை, சன்னல், நீலக் கோடு எல்லாவற்றையும் சொன்னான். கோ முதலாளி சொன்னதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம் போலிருந்தது, பாதியில் அதை விட்டுவிட்டான். சாக்ஸ் புதுசு, ஒரு தடவைகூடக் காலில் போடாதது என்று, அதில் ஏதோ ஆறுதல் இருப்பதுபோலச் சொன்னான்.

"அப்ப என் கெட்டில்ல அழுக்கே வேகல," என்றாள் ஜன் அக்கா. குரல் ஏறவில்லை. "அழுக்கு படத்துல மட்டும்தான்."

"ஆமா."

"நூலு படத்துல தெரியுதுன்னு பாத்தியா?"

அதுவரை அவள் அவனை நீங்கள் என்றுதான் சொல்லிவந்தாள்.

"பாத்தேன்."

"வெட்டியிருக்கலாமில்ல?"

"வெட்டியிருக்கலாம்."

"ஏன் வெட்டல?"

இதற்குத்தான் மூன்று வாரமாக அவனிடம் பதில் இருந்தும் சொல்ல வாய் வராமல் இருந்தது. கவனக்குறைவு என்றால் அவள் நம்பியிருப்பாள்.

"நல்லா இருந்துச்சு அக்கா. சாம்பல் நிறத்துக்கு அந்தச் செகப்பு எடுப்பா இருந்துச்சு."

 அவள் கையிலிருந்த அவன் கிண்ணத்தை, பாதி அலசியபடியே மேசையில் வைத்தாள். பேனாவை எடுத்துக் குவாக் பெயரை அடித்துவிட்டு, அடியில் மாக் என்று தெளிவாக எழுதினாள். முதலில் அடித்த அடியை அழிக்க முடியாதல்லவா. தள்ளுவண்டிக்காரி கொழுக்கட்டை வேண்டுமா என்று வந்து, இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

மாக் சிவப்பு உறையை அவள் பக்கம் நகர்த்தினான். எட்டாயிரத்து எண்ணூறும் அப்படியே இருந்தது, ஒரு தாள் எடுக்க அவனுக்குக் கை வந்திருக்கவில்லை. அவள் உறையைத் திறந்து நூறு யுவான் நோட்டு ஒன்றை எடுத்தாள். தன் பையிலிருந்து அறுபத்து நான்கை எண்ணி உறைக்குள் வைத்து, டிக்கெட்டையும் உள்ளே செருகி அவனிடமே தள்ளினாள்.

"டிக்கெட் உன்னால எடுத்தது, அது நியாயம். மிச்சத்த நீயே வெச்சுக்க. அந்தப் படத்த எத்தன பேரு பாத்தாங்க?"

"முப்பத்தொரு லட்சம்."

"அவங்ககிட்ட சொல்லு. அதே எடத்துல, அதே அளவுல, அந்த சாக்ஸ கையில புடிச்சுகிட்டு, உன் மூஞ்சி தெரிய. கெட்டிலு சுத்தமா இருந்துச்சுன்னு சொல்லு. குவாக் வீட்டுக்கு நான் போன் போட்டுக்கறேன், அது என் தப்பு."

மறுநாள் மாக் கோ முதலாளியிடம் போய்க் கம்பெனிப் பக்கத்தைக் கேட்டான். முதலாளி கோபப்படவில்லை. சிரித்துச் சிரித்து இருமினார். கடை வாசலில் நானே குப்பை கொட்டிக்கொள்வேனா என்றார். உன் சொந்தப் பக்கத்தில் போடு, தாராளமாகப் போடு, கம்பெனி பெயர் வராமல் பார்த்துக்கொள், அதற்குமேல் ஒரு அங்குலம் நகர்ந்தாலும் நாளைக்கு வேறு இடத்தில் வேலை தேடு என்றார்.

"சாக்ஸ பாக்க முப்பத்தொரு லட்சம் பேரு வந்தான். உன் மூஞ்சிய பாக்க எவன் வருவான்னு நெனைக்கற?"

வீட்டுக் கடனுக்கு இன்னும் பதினேழு வருடத் தவணை இருந்தது. மாக் தன் பக்கத்தில்தான் போட்டான். சாக்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றான், நாள், அறை எண், வினிகர், நூல், யார் கட்டியது, அவள் எப்படிக் கழுவுவாள் என்று எல்லாம் எழுதினான். கம்பெனி பெயர் மட்டும் இல்லை. அதை லாட்ஜ்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் கண்ணாடி போட்டுப் பொறுமையாகப் படித்தார், பாவம் என்றார். ஆனால் இப்போது இந்த லாட்ஜில் கெட்டிலே கிடையாது என்று வெளியே பலகை மாட்டியாயிற்று, அதற்கே ஆட்கள் திரும்ப வருகிறார்கள், கெட்டில் இல்லாத இடத்தில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்டார்.

நான்காவது ஞாயிறு அவள் வருவாளோ மாட்டாளோ என்று மாக் முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தான். வந்தாள். எதிரே உட்கார்ந்து தன் கிண்ணத்தையும் தன் குச்சியையும் இரண்டு முறை அலசினாள். பிறகு தேநீர்க் கெட்டிலை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் தன்னுடையதைத் தானே அலசிக்கொண்டான். அவனுக்கு அது சரியாக வரவில்லை, மேசையெல்லாம் சிந்தியது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், உதவவில்லை.

எங்கே போட்டாய் என்று கேட்டாள். என் பக்கத்தில் என்றான். கம்பெனிப் பக்கத்தில் இல்லையா என்றாள். இல்லை என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை, அவனும் தவணைக் கதையை எடுக்கவில்லை. எத்தனை பேர் என்று கேட்டாள். போனைத் திறந்து பார்த்துச் சொன்னான், நானூற்றுப் பன்னிரண்டு. பதினோரு பேர் பதில் எழுதியிருந்தார்கள், அதில் நான்கு பேர் அந்தக் கெட்டில் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். அதையும் மறைக்காமல் சொன்னான்.

ஜன் அக்கா தன் பையிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மேலே 31,00,000 என்று எழுதினாள். அதன்கீழ் 412. கோடு போட்டு, உதடு அசையக் கழித்து, பிசகவில்லையே என்று அவனைத் திரும்ப ஒருமுறை கழிக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு, மீதியை எழுதினாள்: 30,99,588.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு வரும்போது புதுக் கணக்கைக் கொண்டு வா என்றாள்.